அடையாள எண்ணை முழு எண்ணாக மாற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில், நிரலில் தரவு வகைகளை மாற்றுவது பற்றி வந்த அட்டவணையைப் படித்தோம். சரத்தை, அதாவது எழுத்துகளின் தொடரை, முழு எண்ணாக்க எந்தக் கட்டளை, முழு எண்ணைச் சரமாக்க எந்தக் கட்டளை, தசம எண்ணுக்கு எது என்று டெல்ஃபி, பைதான் என்ற இரண்டு நிரல் மொழிகளுக்கும் தனித்தனியே கொடுத்திருந்தீர்கள். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்கோ வேலைக்கோ போகும் பிள்ளை இடறி விழுவது கட்டளைகளில் அல்ல. எதை மாற்றவே கூடாது, எந்த இடத்தில் மாற்ற வேண்டும், தென்னாப்பிரிக்காவில் ஓடும் கணினி தசமத்துக்குப் புள்ளியை எதிர்பார்க்கிறதா காற்புள்ளியை எதிர்பார்க்கிறதா என்பவற்றில்தான் விழுகிறார்கள். அவற்றைப் பாடப் புத்தகங்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நம் தென்னாப்பிரிக்க அடையாள அட்டையில் உள்ள 13 இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கம். அடுத்த நான்கு, பெண்களுக்கு 0000 முதல் 4999 வரை, ஆண்களுக்கு 5000 முதல் 9999 வரை. பதினோராவது இலக்கம் குடிமக்களுக்கு 0, நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு 1. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. டெல்ஃபியில் இதை இன்டிஜர் என்ற முழு எண் வகைக்கு மாற்றப் பார்த்தால் நிரல் உடனே நின்றுவிடும். அந்த வகை 32 பிட் கொண்டது. அது தாங்கும் மிகப் பெரிய எண் 2147483647, அதாவது பத்தே இலக்கம். மாணவர் என்ன செய்கிறார்? இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் இன்ட்64 வகைக்கு மாற்றுகிறார். பிழைச் செய்தி போய்விடுகிறது, நிரல் ஓடுகிறது, உண்மையான கேடு அங்கேதான் தொடங்குகிறது.

2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் அடையாள எண் 0 என்று தொடங்கும். முழு எண்ணுக்கு முன்னால் வரும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை; ஆகவே மாற்றியவுடன் அது மறைந்து 12 இலக்கமோ அதற்கும் குறைவாகவோதான் மிஞ்சும். 12 மார்ச் 2005 அன்று பிறந்த ஆண் ஒருவரின் எண் 0503125 என்று தொடங்கலாம். பூச்சியம் போனபின் முதல் ஆறு இலக்கம் 503125. நிரல் அதை 50ஆம் ஆண்டு, 31ஆம் மாதம், 25ஆம் நாள் என்று படிக்கும். 31ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் இதையாவது யாரேனும் பிடித்துவிடுவார்கள். 10 அக்டோபர் 2001 அன்று பிறந்த ஆணைப் பாருங்கள். அவர் எண் 0110105 என்று தொடங்கலாம். பூச்சியம் போனால் முதல் ஆறு 110105. அதாவது 5 ஜனவரி 2011. தேதி செல்லுபடியாகிறது, பிழைச் செய்தி வராது, இளைஞர் ஒருவர் பதிவேட்டில் ஒன்பது வயது குறைந்து நிற்பார். எல்லா இலக்கமும் ஓரிடம் நகர்ந்துவிட்டதால் ஆணா பெண்ணா என்று பார்க்கும் பகுதியும் தவறாகவே படிக்கப்படும்.

எனவே மாற்றும் கட்டளையைத் தேடுவதற்கு முன்னால் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதுபோன்ற இரண்டைக் கூட்டினால் வரும் விடைக்கு ஏதாவது பொருள் உண்டா? இரண்டு பேரின் மதிப்பெண்ணைக் கூட்டலாம், இரண்டு பொருளின் விலையைக் கூட்டலாம், எடையைக் கூட்டலாம். இரண்டு அடையாள எண்ணைக் கூட்டி யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை. 031 என்று தொடங்கும் டர்பன் தொலைபேசி எண், பிரிட்டோரியாவின் 0002 என்ற அஞ்சல் குறியீடு, வங்கிக் கணக்கு எண், தேர்வு எண் எல்லாம் அதே இனம். இவை உள்ளே வரும்போது சரம், சேமிக்கும்போது சரம், வெளியே போகும்போதும் சரம்.

உள்ளே கணக்கு தேவைப்பட்டால் முதலில் சரத்தை வெட்டுங்கள், பிறகு வெட்டிய துண்டை மட்டும் எண்ணாக்குங்கள். டெல்ஃபியில் சரத்தின் முதல் எழுத்து 1ஆம் இடம். ஆகவே சரத்தை வெட்டும் காப்பி கட்டளைக்கு 7, 4 (7ஆம் இடத்திலிருந்து 4 எழுத்து) என்று கொடுத்தால் பாலினத்துக்குரிய நான்கு இலக்கம் கிடைக்கும். பைதானில் முதல் எழுத்து 0ஆம் இடம், முடிவிடம் சேராது. அதே நான்கு இலக்கத்துக்கு அங்கே 6 முதல் 10 வரை என்று எழுத வேண்டும். இரண்டு மொழியும் மாறி மாறிப் படிக்கும் பிள்ளைகள் இங்கே ஓரிடம் தவறுவது மிகச் சாதாரணம்.

சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிடும் பயிற்சியில் இன்னொரு பள்ளம். 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை அப்படியே கூட்ட வேண்டும். 2, 4, 6 என்று இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை இரட்டித்து, 9ஐத் தாண்டினால் 9ஐக் கழித்துக் கூட்ட வேண்டும். கடைசி இலக்கத்தையும் சேர்த்த மொத்தம் 10ஆல் மீதியின்றி வகுபட்டால் எண் சரி. இதற்கு ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாக்க வேண்டும். சிலர் ஆர்ட் கட்டளையை நேரடியாகப் போடுகிறார்கள். '5' என்ற எழுத்துக்கு அது தருவது 5 அல்ல, 53. அந்த எழுத்தின் குறியீட்டு எண். '0' என்ற எழுத்தின் குறியீடு 48. ஆகவே ஆர்ட் போட்டால் 48ஐக் கழித்தே தீர வேண்டும். கழிக்க மறந்தாலும் நிரல் நிற்காது. ஏதோ ஒரு மொத்தம் வரும், நல்ல எண்களையெல்லாம் செல்லாது என்று சொல்லும்.

நிரலுக்கு வருமுன்பே பூச்சியத்தைத் தின்றுவிடும் இடம் எக்செல். கோயில் நன்கொடைப் பதிவேடு, தமிழ்ப் பள்ளியின் மாணவர் பட்டியல் என்று நம் சங்கங்களில் பாதி வேலை அதில்தான் நடக்கிறது. காற்புள்ளி பிரித்த உரைக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் தானாகவே ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணா என்று பார்த்து மாற்றிவிடும். முன் பூச்சியம் போகும். 12 இலக்கமும் அதற்கு மேலும் உள்ளவை அடுக்குக் குறியோடு சுருக்கிக் காட்டப்படும். அந்த நிலையிலேயே மறுபடியும் உரைக் கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்பில் போய் உட்காரும், மற்ற இலக்கங்கள் திரும்பி வரவே வராது. 16 இலக்க அட்டை எண் என்றால் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றப்படும், கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். திறந்த பிறகு நெடுவரிசையை உரை வகைக்கு மாற்றுவதால் பயனில்லை, போனது போனதுதான். தரவு என்ற பட்டையில் உள்ள இறக்குமதி வழியாக உள்ளே கொண்டுவந்து, ஏற்றுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை உரை என்று குறிக்க வேண்டும்.

பைதானில் பாண்டாஸ் என்ற தரவு நூலகம் கொண்டு கோப்பைப் படிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இலக்கம் மட்டும் உள்ள நெடுவரிசையை அது முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலோ முழு நெடுவரிசையும் தசம எண் ஆகிவிடும். பின்னர் சரமாக்கும்போது ஒவ்வோர் அடையாள எண்ணின் வாலிலும் ".0" ஒட்டிக்கொண்டிருக்கும். கோப்பைப் படிக்கும் கட்டளையிலேயே இந்த நெடுவரிசை சரம் என்று வகையைச் சொல்லிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

இனிக் காற்புள்ளி. தென்னாப்பிரிக்காவில் அதிகாரபூர்வமான தசமக் குறி காற்புள்ளி. ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி. கடைகளில் R12.50 என்று புள்ளி வைத்து எழுதுவதைத்தான் அன்றாடம் பார்க்கிறோம், ஆனால் விண்டோஸில் வட்டாரம் தென்னாப்பிரிக்க ஆங்கிலம் என்றிருந்தால் கணினி எதிர்பார்ப்பது 12,50. டெல்ஃபியில் சரத்தைத் தசம எண்ணாக்கும் கட்டளை விண்டோஸ் அமைப்பைத்தான் கேட்கும். '12.50' என்று கொடுத்தால், இது செல்லுபடியாகும் தசம எண் அல்ல என்று சொல்லி நின்றுவிடும். வீட்டில் அமெரிக்க அமைப்பு உள்ள கணினியில் ஓடிய நிரல், பள்ளிக் கணினியில் ஓட மறுப்பதற்கு இதுவே காரணம். மாணவர் தன் தர்க்கத்தில்தான் பிழை என்று நினைத்து, சரியாக இருந்த வரிகளை மாற்றத் தொடங்குகிறார். செய்முறைத் தேர்வில் இது எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்று ஆசிரியர்கள் அறிவார்கள்.

தீர்வு சிறியது. நிரல் தொடங்கும் இடத்தில் ஃபார்மட்செட்டிங்ஸ் என்பதன் டெசிமல்செபரேட்டருக்குப் புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். அல்லது மாற்றும் கட்டளைக்கே இரண்டாவது உள்ளீடாக ஒரு தனி அமைப்பைக் கொடுங்கள். வால் என்ற பழைய கட்டளை எப்போதும் புள்ளியையே எடுத்துக்கொள்ளும், விண்டோஸைக் கேட்காது. பிழை எந்த இடத்தில் என்றும் சொல்லும். பைதானில் தசம எண்ணாக்கும் ஃப்ளோட் கட்டளையும் அப்படியே, புள்ளியைத் தவிர வேறொன்றை ஏற்காது. ஆகவே பயனர் "1 250,50" என்று தட்டினால் பைதானில் நீங்களே முதலில் தூய்மை செய்ய வேண்டும். நடுவில் உள்ள இடைவெளி பல நேரம் சாதாரண இடைவெளி அல்ல. வரி முறியாத இடைவெளி என்ற வேறொரு எழுத்து. சாதாரண இடைவெளியை மட்டும் நீக்கும் வரி அதைத் தொடாது. சரத்தைத் துண்டுகளாக்கும் ஸ்ப்ளிட் கட்டளையை உள்ளீடின்றிப் போட்டு, துண்டுகளை மறுபடி ஒட்டினால் இரண்டு வகையும் போய்விடும். அதற்குப் பிறகு காற்புள்ளியைப் புள்ளியாக்கலாம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆக்கக் கூடாது. அமெரிக்க மென்பொருளிலிருந்து வந்த கோப்பில் "1,250" என்பது ஆயிரத்து இருநூற்றைம்பது. அதைப் புள்ளியாக்கினால் ஒன்றே கால். இரண்டும் செல்லுபடியாகும் எண்கள் என்பதால் எந்த மொழியும் எச்சரிக்காது. கோப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்த மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு மூலத்துக்கும் தனி விதி எழுதுவது மட்டுமே பாதுகாப்பு.

பணத்தைப் பற்றி உங்கள் அட்டவணை "தசம எண்" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தது. இதில் எங்களுக்கு உறுதியான மாற்றுக் கருத்து உண்டு. பைதானில் 19.99ஐ 100ஆல் பெருக்கினால் வருவது 1998.9999999999998. அதை முழு எண்ணாக்கினால் 1998. ஒரு சென்ட் காணாமல் போயிற்று. கணினி எண்ணை இரண்டின் பின்னங்களாக வைத்துக்கொள்கிறது. கால், அரை, அரைக்கால் அதில் துல்லியமாக அடங்கும். பத்தில் ஒன்று அடங்காது, முடிவின்றி நீளும், எங்கேயோ வெட்டித்தான் வைத்துக்கொள்ள முடியும். பைதானில் முழு எண்ணாக்கும் இன்ட் கட்டளை சுற்றாது, புள்ளிக்குப் பின் உள்ளதை அறுத்துப் போடும். அதனால் ஒரு நுண்ணிய குறை முழு சென்ட்டாக வளர்ந்துவிடுகிறது.

ரொக்கமாகக் கட்டும்போது மொத்தத்தைக் கீழே உள்ள 10 சென்ட்டுக்குக் குறைப்பது இங்கே வழக்கம். 5 சென்ட் நாணயம் அடிப்பது 2012இல் நின்றுவிட்டது. தசம எண்ணில் இதைச் செய்யப் பார்த்தால், 1 ராண்டை 0.1ஆல் வகுத்த மீதி 0 என்று வராமல் 0.09999999999999995 என்று வரும். சென்ட்டாக வைத்திருந்தாலோ 18437ஐ 10ஆல் வகுத்த மீதி 7. கழித்தால் 18430, அதாவது 184 ராண்ட் 30 சென்ட். விவாதத்துக்கு இடமே இல்லை. மதிப்புக் கூட்டு வரியும் இப்படித்தான். 2018 முதல் அது 15 விழுக்காடு. வரி உட்பட 1999 சென்ட் என்றால் வரிப் பங்கு 1999ஐ 15ஆல் பெருக்கி 115ஆல் வகுத்தது: 260.74, சுற்றினால் 261. வரியில்லா விலையைத் தனியாகக் கணக்கிடாதீர்கள். 1999இலிருந்து 261ஐக் கழித்து 1738 என்று எடுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பின்னத்தை அறுத்துவிட்டால் கூட்டுத்தொகை ஒரு சென்ட் இடிக்கும். சுற்றும்போது இன்னொன்று: பைதானின் ரவுண்ட், டெல்ஃபியின் ரவுண்ட் இரண்டுமே சரிபாதியை அருகில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். 2.5 என்பது 2 ஆகும், 3.5 என்பது 4 ஆகும். பள்ளியில் படித்த சுற்றல் அதுவல்ல.

டெல்ஃபியில் இதற்கென்றே கரன்சி என்ற வகை இருக்கிறது, நான்கு தசம இடம் வரை துல்லியம், அதைப் பயன்படுத்துங்கள். பைதானில் டெசிமல் என்ற வகை இருக்கிறது, ஆனால் அதற்குச் சரத்தைக் கொடுக்க வேண்டும். 19.99 என்று மேற்கோள் இல்லாமல் கொடுத்தால் ஏற்கெனவே கெட்டுப்போன எண்தான் உள்ளே போகும். சரத்தைக் காற்புள்ளியில் பிரித்து ராண்டையும் சென்ட்டையும் தனித்தனியே எண்ணாக்குகிறவர்கள் இரண்டைக் கவனிக்கட்டும். "12,5" என்றால் 50 சென்ட், 5 அல்ல. "-0,50" என்ற திருப்பிக் கொடுத்த தொகையில் ராண்டுப் பகுதி "-0". அதை முழு எண்ணாக்கினால் வெறும் 0, கழித்தல் குறி போய்விடும், கொடுத்த பணம் வந்த பணமாகிவிடும்.

கூட்டல் குறியைப் பற்றிச் சுருக்கமாக. பைதானில் "5" என்ற சரத்தோடு 3 என்ற எண்ணைக் கூட்டினால் மொழி மறுக்கும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழி மறுக்காமல் "53" தரும், ஆனால் "5" இலிருந்து 3ஐக் கழித்தால் 2 தரும். பைதானிலும் பெருக்கல் மறுக்காது. பயனர் தட்டுவதை வாங்கும் இன்புட் கட்டளை எப்போதும் சரத்தையே தரும். நுழைவுச் சீட்டு விலை "25" என்று சரமாகவே இருக்க, நான்கு பேருக்கென்று 4ஆல் பெருக்கினால் 100 அல்ல, "25252525" வரும். திரையில் அது ஒரு பெரிய தொகை போலவே தெரியும்.

வகுத்தலில் வரிசை முக்கியம். ஜாவாவில் 37ஐ 50ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் விடை 0, ஏனென்றால் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தபோதே பின்னம் போய்விட்டது. பிறகு டபுள் என்ற தசம எண் வகைக்கு மாற்றினாலும் 0.0தான். வகுக்கும் முன்பே ஒரு பக்கத்தை மாற்ற வேண்டும். டெல்ஃபியில் சாய்கோடு எப்போதும் தசம எண்ணைத் தரும், அதை இன்டிஜர் மாறியில் போட்டால் தொகுக்கும்போதே மறுத்துவிடும். இந்தக் கண்டிப்பு மாணவர்களுக்கு நல்லது. குறை எண்களில் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு: -7ஐ 2ஆல் முழுவகுத்தல் செய்தால் டெல்ஃபியின் டிவ் -3 தரும், பைதானின் இரட்டைச் சாய்கோடு -4 தரும்.

உண்மை, பொய் வகைக்கு மாற்றுவது இன்னும் ஏமாற்றும். பைதானில் பூல் கட்டளைக்குள் "இல்லை" என்ற சரத்தைப் போட்டாலும், "0" என்ற சரத்தைப் போட்டாலும் உண்மை என்றே வரும். காலியான சரம் மட்டும்தான் பொய். படிவத்தில் வந்த பதிலை எந்தச் சொற்களோடு ஒப்பிடுகிறோம் என்று நாமே எழுதி ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நம் மொழிக்குரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். பைதானில் "௧௨" என்று தமிழ் இலக்கங்களில் எழுதிய சரத்தை முழு எண்ணாக்கினால் 12 வரும், பிழை வராது. ஆனால் பழைய முறையில் பத்தைக் குறிக்கும் ௰ அதற்கு இலக்கம் அல்ல, பிழை தரும். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ் இலக்கம் எதையும் ஏற்காது. தமிழ் நாட்காட்டிச் செயலி செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இது பயன்படும்.

கடைசியாக, காலிக் கட்டம். காலிச் சரத்தை முழு எண்ணாக்க முயன்றால் பைதானும் டெல்ஃபியும் பிழை தரும். அந்தப் பிழையை அடக்க, பிடித்த இடத்திலேயே 0 போட்டுவிடும் பழக்கம் நிறையப் பரவியிருக்கிறது. மூன்று மாணவர்களில் இருவர் 60, 70 வாங்கி ஒருவர் தேர்வுக்கு வரவில்லை என்றால் எழுதியவர்களின் சராசரி 65. காலியை 0 ஆக்கினால் 43.3. டெல்ஃபியில் ட்ரை என்று தொடங்கும் மாற்றுக் கட்டளைகள் வெற்றியா தோல்வியா என்பதைத் தனியாகச் சொல்லும். பைதானில் வேல்யூஎரர் என்ற பிழையைப் பிடித்து நன் என்ற வெற்று மதிப்பை வைக்கலாம். எண்ணிக்கையில் சேர்ப்பதா விடுவதா என்று பிறகு தெளிவாக முடிவெடுக்கலாம்.

அந்த அட்டவணையை மறுபடி வெளியிடும்போது, ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரே அது எந்த உள்ளீட்டில் பிழை தரும், எந்த உள்ளீட்டில் பிழை தராமலே தவறான விடை தரும் என்று இரண்டு நெடுவரிசை சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இடப் பற்றாக்குறை என்றால் இரண்டாவது நெடுவரிசையை மட்டுமாவது சேருங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பாட ஆசிரியர்கள் சிலர்,
சாட்ஸ்வர்த், டர்பன்